புகையில்லாத தணல்: வீட்டில் காபனோரொட்சைட்டு நஞ்சாதலைத் தடுத்தல்



தகனம், சுவாசம், குருதி, முதலுதவி, வீட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றை நீங்கள் தனித்தனிப் பாடங்களாகப் படித்திருக்கிறீர்கள். இக்கட்டுரையில் அவை எல்லாம் ஒரே அறைக்குள் ஒன்றுசேர்கின்றன. அந்த அறை உங்கள் வீட்டு அறையாகவும் இருக்கலாம். ஆகவே இதனைப் புள்ளிகளுக்காக மட்டுமன்றி, இன்றிரவே வீட்டில் நடைமுறைப்படுத்துவதற்காகவும் படியுங்கள்.

1. குளிரும் தணற்சட்டியும்

பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஐப்பசி மழை தொடங்கியதும் பூனாகலை, அப்புத்தளை, தெமோதரைப் பக்கத் தோட்டங்களில் குளிர் கூடிவிடும். மார்கழி, தை மாதங்களில் அதிகாலை நேரத்தில் கைவிரல் விறைத்து, பேனையைப் பிடிப்பதே கடினமாக இருக்கும். பழைய லயன் காம்பிராவின் தகரக் கூரையிலும் கதவிடுக்கிலும் காற்று புகும். அந்த இடுக்குகளைச் சாக்கினாலும் பொலித்தீனாலும் அடைத்துவிட்டு, அடுப்பிலிருந்து தணலை அள்ளி ஒரு பழைய சட்டியில் போட்டு, படுக்கும் அறைக்குள் வைப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். பிள்ளை பெற்ற வீடுகளிலும், வயதானவர்கள் இருக்கும் வீடுகளிலும் இவ்வழக்கம் கூடுதலாகக் காணப்படுகின்றது.

நம்மவர்கள் கவனமில்லாமல் இதைச் செய்வதில்லை. தணலை முதலில் இஸ்தோப்பிலோ வாசலிலோ வைத்து, புகை முழுவதும் அடங்கும் வரை காத்திருப்பார்கள். பின்னர், "புகை போயிருச்சு, இப்ப உள்ள கொண்டு வா" என்பார்கள். இக்கட்டுரை உங்களுக்குச் சொல்ல வரும் செய்தி இந்த ஒரு வசனத்தைப் பற்றியதே. புகை போய்விட்டது என்பது உண்மை. ஆனால் நஞ்சு போகவில்லை.

எமது மாலை வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மார்கழி மாதத்தில் மாணவி ஒருவர் தொடர்ந்து சில நாட்கள் காலை வகுப்புக்குத் தலைவலியோடும் குமட்டலோடும் வந்தார். பரீட்சைப் பயம், தூக்கக் குறைவு என்று நான் நினைத்தேன். "இரவில் நேரத்தோடு படுங்கள்" என்று புத்திமதியும் சொன்னேன். வகுப்பு முடியும் நேரத்தில் அவர் தெளிவாகிவிடுவார். ஒருநாள் அவர், "வீட்டில் தம்பிக்கும் அம்மாவுக்கும் இதே தலைவலிதான் சேர்" என்றார். அப்போதுதான் விசாரித்தேன். அவர்கள் மூவரும் படுக்கும் அறையில் இரவு முழுவதும் தணற்சட்டி இருந்திருக்கிறது. சட்டியை வெளியே எடுத்த பிறகு தலைவலி வரவில்லை. நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞான ஆசிரியர் அல்லன். இருப்பினும் அன்று என் புத்திமதி பிழையாகப் போனதை மறக்க முடியாமல்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே உங்களுக்கு ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

2. மலைநாடுகளில் நிகழ்ந்த இரு சம்பவங்கள்

(அ) கொடைக்கானல், தமிழ்நாடு - 2024 ஆகஸ்ட்: திருச்சியிலிருந்து சுற்றுலா வந்த இளைஞர் நால்வர் ஒரு விடுதியில் தங்கி, கரி அடுப்பில் இறைச்சி சுட்டு உண்டனர். பின்னர் உறங்கச் சென்றனர். அடுப்பு இருந்த அறையில் உறங்கிய இருவர் காலையில் உயிரிழந்து காணப்பட்டனர். வேறோர் அறையில் உறங்கிய இருவரும் உயிர் தப்பினர்.

(ஆ) தாமன், நேபாளம் - 2020 ஜனவரி: கேரளத்திலிருந்து சென்ற சுற்றுலாக் குழுவினரில் 8 பேர் ஒரே அறையில் எரிவாயு வெப்பமூட்டியை வைத்துக்கொண்டு, கதவு யன்னல்களைப் பூட்டி உறங்கினர். 8 பேரும் இறந்தனர். அவர்களுள் 4 பேர் சிறுவர்கள்.

இரண்டு சம்பவங்களிலும் பொதுவாக உள்ளவற்றைக் கவனியுங்கள்: குளிரான இடம், மூடிய அறை, எரியும் பொருள், உறக்கம். வீடு தீப்பற்றவில்லை. கூச்சல் எழவில்லை. எவரும் விழித்தெழுந்து வெளியே ஓடவும் இல்லை. இந்த நான்கும் நமது லயன் காம்பிராவிலும் ஒன்றுசேரக்கூடியவையே.

3. காபனோரொட்சைட்டு என்றால் என்ன?

விறகு, கரி, மண்ணெண்ணெய், பெற்றோல், சமையல் எரிவாயு ஆகிய எல்லா எரிபொருள்களிலும் காபன் உண்டு. போதிய ஒட்சிசன் கிடைக்கும்போது நிகழ்வது பூரண தகனம் ஆகும்.

காபன் + ஒட்சிசன் (போதியளவு) → காபனீரொட்சைட்டு

ஒட்சிசன் போதாதபோது நிகழ்வது பூரணமற்ற தகனம் ஆகும்.

காபன் + ஒட்சிசன் (குறைவாக) → காபனோரொட்சைட்டு

தணற்சட்டியில் நிகழ்வது யாது? மேலுள்ள கரித்துண்டுகள் வெளிக்காற்றைப் பெறுகின்றன. அடியில் உள்ள கரிக்குக் காற்று குறைவாகவே கிடைக்கும். அங்கு உண்டாகும் காபனீரொட்சைட்டும் சிவந்த கரியினூடாக மேலெழும்போது மீண்டும் காபனுடன் தாக்கமுற்றுக் காபனோரொட்சைட்டாக மாறும்.

காபனீரொட்சைட்டு + காபன் (செந்தணல்) → காபனோரொட்சைட்டு

இனிப் புகையின் விடயத்திற்கு வருவோம். புகை என்பது எரியாத நுண்துணிக்கைகளும் நீராவியும் விறகிலுள்ள பிசின் முதலிய பொருள்களின் ஆவியும் சேர்ந்தது. விறகு கரியாக மாறியதும் அவை தீர்ந்துவிடும். அதனால் புகை அடங்கும். ஆனால் மீதமாக இருப்பது ஏறக்குறைய தனிக் காபன். காபனோரொட்சைட்டை உண்டாக்குவதற்கு வேண்டியதும் அதுவே. எனவே கண்ணை எரிக்கும் விறகுப் புகை உங்களை வெளியே விரட்டும். புகையற்ற செந்தணலோ உங்களை அருகே அழைத்து உறங்க வைக்கும்.

இவ்வாயுவின் இயல்புகள்:
- நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது.
- கண்ணையோ தொண்டையையோ உறுத்தாது.
- வளியை விடச் சிறிதளவே அடர்த்தி குறைந்தது. ஆகையால் அறை முழுவதும் கலந்து பரவும். கட்டிலில் படுத்தாலும் தரையில் படுத்தாலும் தப்ப முடியாது.
- நீரில் மிகக் குறைவாகவே கரையும்.

சமையல் எரிவாயுவோடு இதனைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சமையல் எரிவாயுவில் கசிவை அறிவதற்காகவே துர்நாற்றம் வீசும் ஒரு பதார்த்தம் சேர்க்கப்படுகின்றது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல இடங்களில் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகளுக்குப் பின்னர், மணம் வந்தால் என்ன செய்வது என்பதை நம் வீடுகளில் பலர் கற்றுக்கொண்டனர். காபனோரொட்சைட்டு அப்படி எந்த மணத்தையும் தராது.

4. உடலில் இது செய்வது யாது?

நாம் சுவாசிக்கும் ஒட்சிசன், சுவாசப்பைச் சிற்றறைகளிலிருந்து குருதிக்குச் சென்று, செங்குருதிக் கலங்களில் உள்ள ஈமோகுளோபினுடன் சேர்ந்து உடலெங்கும் எடுத்துச் செல்லப்படுகின்றது. ஒரு பஸ் வண்டியின் ஆசனங்களைப் போல ஈமோகுளோபினை எண்ணிக்கொள்ளுங்கள். ஒட்சிசன் பயணி ஏறுவார், வேண்டிய இடத்தில் இறங்குவார். காபனோரொட்சைட்டுப் பயணி ஏறினால் இலகுவில் இறங்கமாட்டார். ஆசனத்தைப் பிடிப்பதில் அவருடைய வலிமை ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் அதிகம். இவ்வாறு உண்டாகும் சேர்வை காபொட்சி ஈமோகுளோபின் எனப்படும். ஆசனங்கள் நிறைந்தால் மூளைக்கும் இதயத்திற்கும் ஒட்சிசன் போய்ச் சேராது.

ஒரு சிறு கணிப்பு: வளியில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 சதவீதம். அதில் 210இல் ஒரு பங்கு 0.1 சதவீதம். அறை வளியில் காபனோரொட்சைட்டு 0.1 சதவீதம் இருந்து, அதன் பிடிக்கும் வலிமை 210 மடங்கு எனக் கொண்டால், இரண்டுக்கும் போட்டி சரிசமமாகும். அதாவது, நீண்ட நேரம் அவ்வளியைச் சுவாசிப்பவரின் ஈமோகுளோபினில் ஏறத்தாழ பாதி நஞ்சினால் பிடிக்கப்பட்டுவிடும். இது உயிரைப் பறிக்கக்கூடிய அளவு.

அந்த 0.1 சதவீதத்தை அடைய எவ்வளவு கரி வேண்டும்? பழைய லயன்களில் ஓர் அறை 10 அடிக்கு 12 அடி. உயரம் 8 அடி என்று வைத்தால் கனவளவு 960 கன அடி, அதாவது ஏறத்தாழ 27,000 லீற்றர். அதன் 0.1 சதவீதம் 27 லீற்றர். 12 கிராம் காபன் முழுவதும் காபனோரொட்சைட்டாக மாறினால் சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 24 லீற்றர் வாயு கிடைக்கும். ஆகவே 27 லீற்றருக்குத் தேவையானது ஏறத்தாழ 14 கிராம் காபன். நடைமுறையில் கரியின் ஒரு பகுதியே இவ்வாயுவாக மாறும். வாயுவில் ஒரு பகுதி இடுக்குகளால் வெளியேறும். ஆனால் ஒரு சட்டித் தணலில் இருப்பது 14 கிராம் அல்ல, பல நூறு கிராம். இடுக்குகளையும் நாமே சாக்கினால் அடைத்துவிட்டோம்.

ஒப்பிட்டு அறிக: 0.1 சதவீதம் என்பது ஒரு கன மீற்றர் வளியில் ஏறத்தாழ 1,150 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் 24 மணி நேரச் சராசரிக்கு வகுத்த எல்லை 4 மில்லிகிராம் மாத்திரமே.

5. வீட்டில் இது உண்டாகும் இடங்கள்

- படுக்கும் அறையில் வைக்கும் தணற்சட்டி, கரி அடுப்பு.
- காலையில் மீண்டும் பற்றவைக்கச் சாம்பலால் மூடி வைத்த தணல். இது அணைந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே மெதுவாக எரியும்.
- பாடசாலைச் சீருடைக்கு அயன் செய்யும் சிரட்டைக் கரிப் பெட்டி.
- குழந்தையைக் குளிப்பாட்டிய பின் மூடிய அறையில் சாம்பிராணிக்காக வைக்கும் தணல்.
- புகைபோக்கி அடைபட்ட விறகடுப்பு.
- சுடர் நீல நிறமாக இல்லாமல் மஞ்சளாக எரியும் எரிவாயு அடுப்பு. காற்றோட்டமற்ற குளியலறையில் பொருத்திய எரிவாயு வெந்நீர்க் கருவி.
- மின்பிறப்பாக்கி. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அத்தகைய நாட்களில் மின்பிறப்பாக்கியைக் கடைக்குள்ளோ வீட்டு விறாந்தையிலோ இயக்குவது பேராபத்து.
- மூடிய கராஜினுள் இயங்கும் வாகனம்.

6. அறிகுறிகள்

ஆரம்ப நிலை: தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு.
இடைநிலை: வாந்தி, குழப்பம், பார்வை மங்கல், கால்கள் தள்ளாடுதல், நெஞ்சுவலி.
இறுதி நிலை: மயக்கம், வலிப்பு, மரணம்.

ஆரம்ப அறிகுறிகள் சாதாரணக் காய்ச்சல், பித்தம், பரீட்சைக் களைப்பு ஆகியவற்றைப் போலவே இருக்கும். பிரித்தறிய உதவும் மூன்று அடையாளங்களை மனனம் செய்யுங்கள்:
(1) ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வருதல்.
(2) வீட்டை விட்டு வெளியே சென்றால் குறைதல், திரும்பி வந்தால் கூடுதல்.
(3) காய்ச்சல் இல்லாதிருத்தல்.

கருவிலுள்ள சிசு, கைக்குழந்தை, முதியோர், இதய நோயாளர், குருதிச்சோகை உள்ளோர் ஆகியோரை இது கடுமையாகத் தாக்கும். கர்ப்பிணித் தாய்க்கு இலேசான தலைவலியாகத் தெரிவது சிசுவுக்குப் பெருங்கேடாக முடியலாம்.

முற்காலத்தில் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் இவ்வாயுவை அறிவதற்குக் கனேரிப் பறவைகளைக் கூண்டில் கொண்டு சென்றனர். விஞ்ஞானி ஜோன் ஹோல்டேன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூறிய ஆலோசனையின்படி வந்த வழக்கம் இது, 1986இல் கைவிடப்பட்டது. விரைவாகச் சுவாசிக்கும் சிறு பறவை மனிதனுக்கு முன்னரே மயங்கும். அதைக் கண்டு சுரங்கத் தொழிலாளர் வெளியேறுவர். இன்று பல நாடுகளில் வீட்டுச் சுவரில் பொருத்தும் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி உண்டு. சாதாரணப் புகை எச்சரிக்கைக் கருவி இவ்வாயுவை அறியாது என்பதையும் நினைவிற் கொள்க. கருவி இல்லாத வீட்டில் முதல் எச்சரிக்கை உங்கள் தலைவலியே. உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை.

7. பிழையான நம்பிக்கைகள்

"புகை இல்லாவிட்டால் ஆபத்தில்லை." - பிழை. காரணத்தை மேலே கண்டோம்.
"பக்கத்தில் ஒரு சட்டி தண்ணீர் வைத்தால் போதும்." - பிழை. இவ்வாயு நீரில் கரைவது மிகக் குறைவு.
"யன்னலைச் சிறிது திறந்தால் போதும்." - பிழை. குறைக்கலாம், தடுக்க முடியாது.
"இவ்வளவு காலமாக வைக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லையே." - பிழை. பழைய கூரை ஓட்டைகள் காப்பாற்றியிருக்கலாம். புதுத் தகரம் போட்டு, இடுக்கை அடைத்த அன்று நிலைமை மாறிவிடும்.

8. தடுக்கும் வழிகள்

(1) உறங்கும் அறையில் எரியும் எதனையும் வைக்கக் கூடாது. இவ்விதிக்கு விதிவிலக்கு இல்லை.
(2) குளிர் காய வேண்டுமாயின் இஸ்தோப்பில் அல்லது திறந்த வாசலில் தணலை வைத்துக் காய்ந்துவிட்டு, படுக்கும் முன் தணலை வெளியிலேயே நீர் தெளித்து முற்றாக அணைக்க வேண்டும்.
(3) சமையலறையும் படுக்கையும் ஒரே அறையாயின், படுக்கும் முன் அடுப்புத் தணலையும் அணைக்க வேண்டும். காலையில் மீண்டும் தீ மூட்டும் சிரமம் சிறியது.
(4) சமைக்கும்போது கதவும் யன்னலும் திறந்திருக்க வேண்டும். புகைபோக்கியில் கரி படியாமல் சுத்தம் செய்ய வேண்டும்.
(5) அயன் செய்வதையும் சாம்பிராணி காட்டுவதையும் திறந்த இடத்தில் செய்ய வேண்டும்.
(6) மின்பிறப்பாக்கியை வீட்டுக்கு வெளியே, கதவு யன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தூரத்தில் வைக்க வேண்டும்.
(7) உடலைச் சூடாக்கத் தணலுக்குப் பதிலாக: மூடி இறுக்கிய வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் படுக்கையில் வைத்தல், பாயின் கீழ் சாக்கு விரித்தல், காலுறையும் கம்பளித் தொப்பியும் அணிதல்.

பெரியவர்களிடம் இதைச் சொல்வது எப்படி? "நீங்கள் செய்வது பிழை" என்று தொடங்கினால் கேட்கமாட்டார்கள். அவர்கள் நம் குளிர் தாங்காமல்தான் தணலை உள்ளே கொண்டு வருகிறார்கள். "அப்பாயி, வாங்க, இஸ்தோப்புலயே காஞ்சிட்டு வருவோம். உங்களுக்கு வெந்நீர்ப் போத்தல் நான் சுத்தித் தாரேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போத்தலையும் சுற்றிக் கொடுங்கள். தணலை எடுத்துவிட்டு வேறு வழி தராமல் இருப்பது நியாயமல்ல.

9. முதலுதவி

(1) முதலில் உங்கள் பாதுகாப்பு. கதவு யன்னல்களைத் திறந்துவிடுங்கள். உதவிக்குக் கூப்பிடுங்கள். அறைக்குள் நீண்ட நேரம் நிற்காதீர்கள். காப்பாற்றச் சென்றவரும் மயங்கி விழக்கூடும்.
(2) பாதிக்கப்பட்டவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டு வாருங்கள்.
(3) 1990 சுவசெரிய இலவச அம்பியூலன்ஸை அழையுங்கள். அல்லது கிடைக்கும் வாகனத்தில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.
(4) மயங்கியவர் சுவாசித்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். சுவாசம் இல்லையெனில் பயிற்சி பெற்றவர் இதய, சுவாச உயிர்ப்பிப்பைத் தொடங்க வேண்டும்.
(5) மயங்கியவருக்குத் தேநீர், கொத்தமல்லி, சோடா எதனையும் பருக்க வேண்டாம்.
(6) வைத்தியரிடம், "மூடிய அறையில் தணல் இருந்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்த ஒரு வசனம் உயிரைக் காக்கலாம். கொரோனா காலத்தில் நாம் கண்ட, விரலில் மாட்டும் சாதாரண ஒட்சிசன் மானி காபனோரொட்சைட்டைப் பிரித்தறியாமல் அளவைச் சாதாரணமாகக் காட்டக்கூடும்.
(7) தெளிந்துவிட்டார் என்று வைத்தியசாலைக்குச் செல்லாமல் இருக்க வேண்டாம். அதே அறையில் இருந்த அனைவரும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

வெளிக்காற்றைச் சுவாசித்தால் குருதியிலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 முதல் 5 மணித்தியாலம் எடுக்கும். வைத்தியசாலையில் முகமூடி மூலம் தூய ஒட்சிசன் கொடுத்தால் ஏறத்தாழ 1 முதல் 1½ மணித்தியாலத்தில் அது நிகழும். தாமதிக்கக் கூடாது என்பதற்கான காரணம் இதுவே.

10. மாதிரி வினாக்கள்

(1) பூரண தகனம், பூரணமற்ற தகனம் ஆகியவற்றைச் சொற்சமன்பாடுகளுடன் வேறுபடுத்துக. (4 புள்ளிகள்)
(2) காபனோரொட்சைட்டு "ஓசையின்றிக் கொல்லும் நஞ்சு" எனப்படுவதற்கு மூன்று காரணங்கள் தருக. (3 புள்ளிகள்)
(3) ஈமோகுளோபினின் தொழிலைக் காபனோரொட்சைட்டு பாதிக்கும் விதத்தை விளக்குக. (4 புள்ளிகள்)
(4) "புகை அடங்கிய தணலை அறைக்குள் வைக்கலாம்." இக்கூற்றை ஆராய்க. (5 புள்ளிகள்)
(5) ஒரு குடும்பத்தில் மூவருக்குக் காலையில் தலைவலியும் குமட்டலும் ஏற்படுகின்றன, காய்ச்சல் இல்லை. நீர் சந்தேகிக்க வேண்டியது யாது? உடனடியாகச் செய்ய வேண்டியவை நான்கு எழுதுக. (4 புள்ளிகள்)

விடை எழுதுவோர் கவனத்திற்கு: நான்காம் வினாவுக்கு "பிழை" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது. புகை எதனால் ஆனது, அது ஏன் அடங்குகின்றது, அடங்கிய பின் எஞ்சுவது யாது என்ற ஒழுங்கில் எழுதுக. ஐந்தாம் வினாவில் "திறந்த வெளிக்குச் செல்லல்" என்பதை முதலில் எழுதுக. வாழ்க்கையிலும் அதுவே முதலிடம் பெற வேண்டும்.

மாணவர்களே, இந்த ஐந்து வினாக்களுக்கும் விடை எழுதிப் பழகுங்கள். எழுதி முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, படுக்கப் போகுமுன் உங்கள் அறையில் தணல் ஏதும் இருக்கின்றதா என்று ஒரு முறை எழுந்து பாருங்கள்.